நடப்பவர் ஒருவர், காத்திருப்பவர் ஒருவர்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் வைட் சாண்ட்ஸ் ஏவுகணைச் சோதனைத் தளம் இருக்கிறது. ஆண்டுதோறும் மார்ச் மாதம் அந்தப் பாலைவனத்தில் ஆயிரக்கணக்கானோர் விடியற்காலையில் கூடி 26.2 மைல் நடக்கிறார்கள். நம் கணக்கில் 42 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பணியில் இருக்கும் சிப்பாய்கள், ஓய்வு பெற்றவர்கள், ராணுவத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத பொதுமக்கள் என்று எல்லோரும் வருவார்கள். போரில் காலை இழந்து செயற்கைக் கால் பொருத்தியவர்களும் நடப்பார்கள். 'பட்டான் நினைவு மரண நடை' என்பது இதன் பெயர்.

உங்கள் கணவரோ மனைவியோ இதற்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நடக்கப்போவது அவர்தான். ஆனால் அதற்கு முந்தைய ஐந்தாறு மாதமும், நடக்கும் நாளும், அடுத்து வரும் வாரமும் உங்களுக்கும் வேலை இருக்கிறது. கைதட்டுவதும் படம் எடுப்பதும் அந்த வேலையில் மிகச் சிறிய பங்கு.

முதலில், எதன் நினைவாக இந்த நடை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால், நாலாவது மாதத்தில் "இந்தக் கஷ்டம் எதற்கு?" என்ற கேள்வி வீட்டில் எழும், அதற்கு இரண்டு பேரிடமும் பதில் இருக்காது.

1942 ஏப்ரல் 9. பிலிப்பைன்ஸின் பட்டான் தீபகற்பத்தில் மூன்று மாதமாக அரை வயிற்றுச் சாப்பாட்டோடு போரிட்டுக்கொண்டிருந்த படை அன்று ஜப்பானியரிடம் சரணடைந்தது. சரணடையும் முடிவை எடுத்தவர் அங்கிருந்த அமெரிக்கத் தளபதி எட்வர்ட் கிங். கைதானவர்கள் சுமார் 75,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் வீரர்கள். அமெரிக்கர்கள் ஏறத்தாழ 10,000 பேர். மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் ஏற்கெனவே துவண்டு கிடந்தவர்களை மரிவேலஸிலிருந்து சான் பெர்னாண்டோ வரை சுமார் 65 மைல் வெயிலில் நடத்திக்கொண்டு போனார்கள். தண்ணீருக்காக வரிசையை விட்டு விலகியவனைச் சுட்டார்கள். தளர்ந்து விழுந்தவனைத் துப்பாக்கி முனைக் கத்தியால் குத்தினார்கள். பிறகு சரக்கு ரயில் பெட்டிகளில் மூச்சு முட்ட அடைத்துக் காபாஸ் வரை கொண்டுபோய், மறுபடியும் நடத்தி, ஓ'டொனல் முகாமில் சேர்த்தார்கள். வழியில் மாண்டவர்கள் எத்தனை பேர் என்பதில் கணக்குகள் வேறுபடுகின்றன. பிலிப்பைன்ஸ் வீரர்கள் ஆயிரக்கணக்கில், அமெரிக்கர்கள் நூற்றுக்கணக்கில் என்பது உறுதி. முகாமுக்குள் போன பிறகு, சில மாதங்களிலேயே 20,000-க்கும் மேற்பட்ட பிலிப்பைன்ஸ் வீரர்கள் நோயிலும் பசியிலும் செத்தார்கள்.

பிலிப்பைன்ஸில் நடந்ததற்கு நியூ மெக்சிகோவில் ஏன் நினைவு நடை? அந்த மாநிலத்தின் தேசியக் காவற்படையிலிருந்து 200-ஆவது கடலோரப் பீரங்கிப் படை 1941-இல் பிலிப்பைன்ஸுக்கு அனுப்பப்பட்டது. அதிலிருந்து பிறகு 515-ஆவது படை பிரிந்தது. இரண்டிலுமாக நியூ மெக்சிகோக்காரர்கள் சுமார் 1,800 பேர். போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர்தான். காவற்படை என்பது ஊர் ஊராக ஆள் சேர்த்த படை. அண்ணன், தம்பி, பக்கத்து வீட்டுப் பையன், கூடப் படித்தவன் எல்லோரும் ஒரே படையில் இருந்தார்கள். அதனால் இழப்பும் தெருத்தெருவாக விழுந்தது. அந்த நினைவில்தான் 1989-இல் நியூ மெக்சிகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ராணுவப் பயிற்சி மாணவர்கள் இந்த நடையைத் தொடங்கினார்கள். 1992-இல் வைட் சாண்ட்ஸ் தளமும் மாநிலக் காவற்படையும் சேர்ந்துகொண்டன.

இந்த வரலாற்றில் காத்திருந்தவர்களின் பங்கும் இருக்கிறது. துணைக்குப் போகும் நீங்கள் அதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். பட்டான் விழுந்த பிறகு, மகன் இருக்கிறானா இல்லையா என்பதுகூடத் தெரியாமல் குடும்பங்கள் பல மாதங்கள் காத்திருந்தன. பலருக்கு முதலில் வந்தது 'காணவில்லை' என்ற தந்தி. பிறகு எப்போதோ ஒருநாள், அச்சிட்ட அட்டையில் நாலு சொல். மரண நடை என்று ஒன்று நடந்ததே அமெரிக்கப் பொதுமக்களுக்கு 1944 ஜனவரியில்தான் தெரிந்தது. வில்லியம் டைஸ் என்ற விமானப்படை அதிகாரி 1943-இல் ஜப்பானியச் சிறையிலிருந்து தப்பி வந்து சொன்ன விவரத்தை அரசு அதுவரை வெளியிடாமல் வைத்திருந்தது. அது அச்சில் வந்தபோது டைஸ் உயிரோடு இல்லை. டிசம்பரில் விமான விபத்தில் இறந்துவிட்டார். மகனோ கணவனோ அந்தச் சாலையில் நடத்தப்பட்டதை, கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு கழித்துப் பத்திரிகையைப் பிரித்துத்தான் வீட்டார் அறிந்தார்கள்.

ஆனால் அவர்கள் சும்மா அழுதுகொண்டிருக்கவில்லை. பட்டான் விழுந்த ஒரு வாரத்துக்குள், 1942 ஏப்ரலிலேயே, ஆல்புகர்க்கி நகரில் கைதிகளின் தாய்மாரும் உறவினரும் கூடிப் பட்டான் நிவாரணச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கைதிகளுக்கு உணவும் மருந்தும் போய்ச் சேர வேண்டும் என்று போர் முடியும்வரை வாஷிங்டனை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் முன்னாள் போர்க்கைதிகள் அமைப்பு அந்தச் சங்கத்திலிருந்து வளர்ந்ததுதான். நடப்பவருக்கு முன்னோடிகள் அந்தச் சாலையில் இருந்தார்கள் என்றால், உங்களுக்கு முன்னோடிகள் ஆல்புகர்க்கியில் இருந்தார்கள்.

தமிழ் வாசகர்கள் இதைப் படிக்கும்போது இன்னொன்றும் நினைவுக்கு வராமல் போகாது. அதே போரில், அதே ஜப்பானிய ராணுவம் மலேயாத் தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. அவர்களுடைய பெயர்ப் பட்டியலைக்கூட யாரும் ஒழுங்காக வைத்திருக்கவில்லை. பெயர் சொல்லி அழைத்து நினைவுகூர்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது நமக்குத் தெரியும்.

இனி வீட்டுக்கு வருவோம். நெடுநடைக்குப் பழகுவதற்கு வாரத்தில் ஒரு நீண்ட நடை கட்டாயம் வேண்டும். தொடக்கத்தில் 6 மைல், 8 மைல் என்று இருப்பது, கடைசி மாதங்களில் 15, 18 மைல் ஆகும். 18 மைல் என்றால் பாதி நாள் போய்விடும். வந்தவர் மீதிப் பாதி நாள் படுத்துக்கிடப்பார். அந்தச் சனிக்கிழமைகளில் குழந்தைகள், கடை கண்ணி, துணி துவைப்பது எல்லாம் உங்கள் தலையில். பல வீடுகளில் கசப்பு வருவது இங்கேதான். இதற்கு ஒரே மருந்து முன்கூட்டியே பேசிவிடுவது. எந்தெந்தச் சனிக்கிழமை நீண்ட நடை என்று நாட்காட்டியில் குறித்து, அதற்கு ஈடாக எந்த ஞாயிறு முழுக்க உங்களுடையது என்பதையும் குறித்துவிடுங்கள். தியாகம் செய்வதாக நினைத்து வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சுமக்க வேண்டாம். அப்படிச் சுமப்பவர்கள் மார்ச் மாதத்தில் வெடிப்பதைத்தான் பார்க்கிறோம்.

முடிந்தால் சின்ன நடைகளில் நீங்களும் கூடப் போங்கள். 14.2 மைல் கொண்ட குறும்பாதை ஒன்றும் உண்டு. அது போட்டிக்கானது அன்று. பெரிய நடைக்கு உடம்பு இடம் கொடுக்காதவர்கள் அதை நடக்கலாம்.

முழு நடையிலும் இரண்டு வகை. வெறுமனே நடப்பது ஒன்று. குறைந்தது 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோ சுமையோடு நடப்பது இன்னொன்று. சுமைப் பிரிவில் பெயர் கொடுத்தவர் முதல் நாளே 16 கிலோவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் முழங்காலும் இடுப்பும் தாங்காது. 5 கிலோவில் தொடங்கி வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார். ராணுவத்தில் இருந்தவர்கள் இதை அதிகம் சொல்வார்கள். இருபது வயதில் தூக்கியது அவர்கள் நினைவில் இருக்கும். பையைத் தராசில் வைத்துப் பார்க்கச் சொல்வது உங்கள் பொறுப்பு. எடைக்காகப் பலர் அரிசியும் பீன்ஸும் பொட்டலமாகக் கட்டித் தூக்குகிறார்கள். நடை முடிந்ததும் அவற்றை ஏழைகளுக்கான உணவு வங்கிக்குக் கொடுத்துவிடுவார்கள். மணல் மூட்டையைவிட இது எவ்வளவோ மேல். பட்டினியில் செத்தவர்களை நினைத்து நடக்கும் நடையில், முதுகில் சுமந்தது யாருடைய வயிற்றுக்காவது போகிறது.

அடுத்தது கால். இந்த நடையில் பாதியில் விலகுகிறவர்கள் பலர் மூச்சு வாங்கி விலகுவதில்லை. கொப்புளம் வந்து விலகுகிறார்கள். சூடு, ஈரம், உராய்வு மூன்றும் சேரும்போது கொப்புளம் வருகிறது. தோலின் மேலடுக்கு ஒரு பக்கம் இழுபட, கீழடுக்கு அங்கேயே நிற்க, நடுவில் நீர் கோத்துக்கொள்கிறது. ஆகவே மூன்றில் எதைக் குறைத்தாலும் பலன் உண்டு. பருத்தி சாக்ஸ் வேர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளி சாக்ஸ் நல்லது. கால் நீண்ட நடையில் வீங்கும் என்பதால் ஷூ அரை அளவு பெரிதாக இருக்க வேண்டும். புது ஷூவோடு நடைக்குப் போகக் கூடாது. அதே ஷூ, அதே சாக்ஸில் பல நாள் நடந்து பழகியிருக்க வேண்டும். இந்தப் பாதையில் மணல் அதிகம் என்பதால் ஷூ வாயை மூடும் கெய்ட்டர் உறை உதவும். நகத்தை நடைக்கு முதல் நாள் ஒட்ட வெட்டாமல், மூன்று நான்கு நாள் முன்பே வெட்டிவிட வேண்டும். எந்த இடத்தில் வழக்கமாகக் கொப்புளம் வருகிறதோ, அங்கே முன்கூட்டியே ஒட்டும் பட்டை போட வேண்டும்.

நீண்ட பயிற்சி நடை முடிந்து வந்ததும் அவர் காலை நீங்கள் ஒருமுறை பாருங்கள். அவருக்குக் குதிகாலும் பாதத்தின் அடியும் சரியாகத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். எங்கே சிவந்திருக்கிறது என்பதை எழுதி வையுங்கள். நாலு வாரம் ஒரே இடம் சிவந்தால் ஷூ பொருந்தவில்லை என்று அர்த்தம்.

காலைப் பார்ப்பது சின்ன வேலை என்று தோன்றினால், பென் ஸ்கார்டன் கதையைக் கேளுங்கள். தென் கரோலினாவில் கிளெம்சன் கல்லூரியில் படித்தவர். பட்டானில் பிடிபட்டு மரண நடையில் உயிர் தப்பியவர். முகாமில் மலேரியாவும் பெரிபெரியும் தாக்கிச் சாகக் கிடந்தபோது, அதே கல்லூரியில் படித்த ஹென்றி லைட்னர், ஓட்டிஸ் மார்கன் என்ற இரண்டு நண்பர்கள் அவருக்குக் கரண்டியால் ஊட்டினார்கள், வீங்கிய கால்களைப் பிடித்துவிட்டார்கள். ஸ்கார்டன் ஒளித்து வைத்திருந்த கல்லூரித் தங்க மோதிரத்தைக் கொடுத்து, ஒரு டப்பா இறைச்சியும் ஒரு கோழியும் வாங்கி வந்து அவரைப் பிழைக்க வைத்தார்கள். அந்த இருவரும் போர் முடியும் முன்பே இறந்துபோனார்கள். ஸ்கார்டன் கர்னலாக ஓய்வு பெற்று, கிளெம்சனிலேயே ஆசிரியரானார். 90 வயதுக்குப் பிறகு வைட் சாண்ட்ஸுக்கு வந்து, ஆண்டுதோறும் 8.5 மைல் நடந்தார். 100 வயதைத் தாண்டியும் நடந்தார். உயிர் தப்பியவர்களில் இந்த நினைவு நடையிலும் நடந்தவர் அவர் ஒருவர்தான். லைட்னருக்கும் மார்கனுக்கும் தான் செலுத்தும் நன்றி என்று அதைச் சொல்லி வந்தார். 2021 நவம்பரில், 104 வயதில் இறந்தார்.

சாப்பாடு, தண்ணீர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தலும் மருத்துவ உதவியும் உண்டு. ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். "நிறையத் தண்ணீர் குடி" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். மணிக்கணக்காக வேர்க்கும்போது உப்பில்லாமல் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, வாந்தி, குழப்பம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். தாகத்துக்குக் குடிக்க வேண்டும். கூடவே உப்பும் சாப்பிட வேண்டும். நடக்கும்போது வலி மாத்திரை போட்டுக்கொள்வதும் நல்லதில்லை. ஐபுபுரோபன் போன்றவை உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

நடக்கும் நாள். தளத்துக்குப் பக்கத்துப் பெரிய ஊர் லாஸ் குரூசஸ். அங்கே தங்கினால், சான் அகஸ்டின் கணவாயைத் தாண்டி இருட்டிலேயே வண்டி ஓட்ட வேண்டும். ராணுவத் தளம் என்பதால் வாயிலில் அடையாள அட்டை கேட்பார்கள். வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அதிகாலையில் குளிர் நடுக்கும், பிற்பகலில் வெயில் சுடும், நடுவில் காற்று மணலை வாரி இறைக்கும். நீங்கள் நாள் முழுக்க நிற்கப் போகிறவர். கம்பளிச் சட்டை, தொப்பி, மடக்கு நாற்காலி, உங்களுக்கான சாப்பாடு எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கான பையைக் கட்டிவிட்டுத் தன் பையை மறந்தவர்களே அதிகம்.

இருட்டாக இருக்கிறதே என்று வண்டியிலேயே தூங்கிவிடாதீர்கள். தொடக்க விழாவைத் தவற விடக் கூடாது. உயிர் தப்பியவர்களின் பெயர்களை அங்கே வாசிப்பார்கள். வந்திருப்பவர் பதில் சொல்வார். முந்தைய ஆண்டில் இறந்தவரின் பெயரையும் அழைப்பார்கள், பதில் வராது. அந்த மௌனத்துக்குப் பிறகு ஊதுகுழலில் இறுதி வணக்க இசை ஒலிக்கும். முன்பெல்லாம் உயிர் தப்பியவர்கள் பலர் நாற்காலியில் அமர்ந்து, நடப்பவர்களோடு கை குலுக்கி அனுப்புவார்கள். முடிவு எல்லையிலும் காத்திருப்பார்கள். ஆண்டுக்கு ஆண்டு அந்த நாற்காலிகள் குறைந்துகொண்டே வந்து, இப்போது பதில் சொல்ல ஏறக்குறைய யாரும் இல்லை. அந்த இடத்தில் நீங்கள் நிற்பது முக்கியம். கேட்பதற்கு ஆள் வேண்டும்.

பிறகு நீண்ட காத்திருப்பு. பாதையோரமாகக் கூடவே போய் உற்சாகப்படுத்த முடியாது. அது ஏவுகணைத் தளம். நடப்பவர்களே பாதையை விட்டு விலகவோ, கீழே கிடப்பதைத் தொடவோ கூடாது. (இதே தளத்தின் வடகோடியில்தான் 1945 ஜூலை 16 அன்று முதல் அணுகுண்டு வெடிக்கப்பட்டது. பட்டானில் பிடிபட்டவர்களில் பிழைத்திருந்த பலர் அப்போது ஜப்பானில் அடிமை வேலை செய்துகொண்டிருந்தார்கள்.) தொலைபேசியை நம்பி இருக்காதீர்கள். முதல் செய்தி வரும், இரண்டாவது வராது. உடனே மனம் கெட்டதை நினைக்கும். "இத்தனை மணிக்குள் நான் வராவிட்டால் உதவி மேசையில் போய்க் கேள்" என்று ஒரு நேரத்தை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டால் நடுவில் தவிக்க வேண்டியதில்லை.

அவர் எங்கே இருப்பார் என்பதை நீங்கள் மனக்கண்ணில் பார்க்கலாம். தொடங்கும் இடமே கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேல். அங்கிருந்து ஏறிக்கொண்டே போகும் பாதை, ஒரு குன்றைச் சுற்றிக்கொண்டு 5,000 அடியைத் தாண்டும். பிறகு இறக்கம். இறக்கம் சுகம் என்று நினைக்காதீர்கள். கால்விரல்கள் ஷூ முனையில் இடித்துக்கொண்டே வரும். 20-ஆவது மைலுக்குச் சற்று மேல் 'சாண்ட் பிட்' என்று எல்லோரும் அஞ்சும் மணல் பள்ளம். கணுக்கால் புதையும் மணலில், மிகவும் களைத்திருக்கும் நேரத்தில் நடக்க வேண்டும். சுமையோடு போகிறவர்களில் பலருக்கு முழுப் பாதைக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவர் சொன்ன நேரத்தோடு இரண்டு மணி கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

முடித்து வரும்போது பலர் பேச மாட்டார்கள். சிலர் அழுவார்கள். "எப்படி இருந்தது? எத்தனை மணி நேரம்?" என்று உடனே கேட்க வேண்டாம். பையை வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து பத்து நிமிடம் மெதுவாக நடக்க வைத்துவிட்டு உட்கார வையுங்கள். வேர்வை காய்ந்ததும் உடம்பு குளிர்ந்துபோகும் என்பதால் போர்வை வேண்டும். ஷூவை மெல்லக் கழற்றிச் செருப்புக் கொடுங்கள். உப்புப் போட்ட சூடான எதுவும் நல்லது. பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுபோனால் அதற்கு நிகர் இல்லை. சின்னக் கொப்புளத்தை உடைக்காமல் விட்டுவிடுங்கள். பெரிதாகி வலித்தால் சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றி, மேல்தோலை உரிக்காமல் கட்டுப் போடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் அதையும் நீங்கள் செய்யக் கூடாது, மருத்துவக் கூடாரம்தான். வண்டியை நீங்களே ஓட்டுங்கள். இதில் பேச்சுக்கே இடமில்லை.

இரண்டு அறிகுறிகளைக் கண்டால் தாமதிக்கக் கூடாது. பேச்சு குழறினால், இடம் ஆள் தெரியாமல் குழம்பினால், அங்கேயே மருத்துவரை அழையுங்கள். அன்றிரவோ மறுநாளோ சிறுநீர் காப்பி டிகாஷன் நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கியிருக்கலாம், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

போர்க்களம் கண்டவர்களுக்கு இந்த நடை வேறொன்றையும் கிளறிவிடும். பையில் இறந்த நண்பனின் பெயரை எழுதி மாட்டிக்கொண்டு நடப்பவர்கள் பலர். நடை முடிந்த வாரத்தில் தூக்கம் வராமல் இருக்கலாம், பேச்சு குறையலாம். தோண்டிக் கேட்காமல் பக்கத்தில் இருங்கள். வாரக்கணக்கில் நீடித்தால் ஆலோசகரைப் பார்க்கச் சொல்லத் தயங்காதீர்கள்.

மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிடாமல், லாஸ் குரூசஸில் உள்ள முன்னாள் படைவீரர் பூங்காவுக்கு இருவருமாகப் போய் வாருங்கள். 'பட்டான் வீரர்கள்' சிலை அங்கே இருக்கிறது. மூன்று பேர், ஒருவரை ஒருவர் தாங்கிக்கொண்டு நடக்கிறார்கள். அதற்குப் போகும் பாதையில், உயிர் தப்பியவர்களின் உண்மையான காலடித் தடங்கள் சிமெண்டில் பதிக்கப்பட்டிருக்கின்றன. காலில் கட்டுப் போட்டவரும் உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து பார்த்துவிடலாம்.